தூரத்தில் வரும்போதே: மனந்திரும்புதலும் மன்னிப்பும் குறித்து வாசகர் கேள்விகள்

இந்தத் தவக்காலத்தில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இயேசு சொன்ன உவமைகளைப் பற்றியவை. அவற்றிலும் மனந்திரும்புதலையும் கடவுளின் மன்னிப்பையும் குறித்த கேள்விகளே மிகுதி. ஒரே பொருளைத் தொட்டு வந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் குறிப்பிட்டு, இங்கே பதில் தருகிறேன். வசனங்களைப் பலருடைய வீட்டிலும் உள்ள பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்திருக்கிறேன்.

கேள்வி: லூக்கா 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆடும் வெள்ளிக்காசும் தாமாக எதையும் செய்யவில்லை. ஆடு வருந்தியதாகவோ காசு தானே உருண்டு வந்ததாகவோ சொல்லப்படவில்லை. அப்படியிருக்க, இரண்டு உவமைகளும் மனந்திரும்புகிற ஒரே பாவியைப் பற்றிய சொற்களோடு முடிவது ஏன்?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் கேட்டிருப்பதிலேயே அந்த அதிகாரத்தின் கருத்து பாதி அடங்கியிருக்கிறது. இந்த உவமைகள் எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டன என்பதை லூக்கா முதல் இரண்டு வசனங்களிலேயே தெரிவித்துவிடுகிறார். வரி வசூலிக்கும் ஆயக்காரரும் பாவிகளும் இயேசுவிடம் வந்து சேர்கிறார்கள்; அதைக் கண்ட யூத சமயத் தலைவர்களான பரிசேயரும் வேதபாரகரும், "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்று முறுமுறுக்கிறார்கள்.

இங்கே பரிசேயரைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அவர்கள் மனந்திரும்புதலை எதிர்த்தவர்கள் அல்லர்; அதை ஊக்கத்தோடு போதித்தவர்கள். அவர்களுடைய மரபில் வந்த போதகர்களின் தீர்ப்புகளைத் தொகுத்து கி.பி. 200ஆம் ஆண்டையொட்டி உருவான மிஷ்னா, பாவம் செய்துவிட்டுப் பிறகு மனந்திரும்பிக்கொள்ளலாம் என்று எண்ணித் திரும்பத் திரும்பப் பாவம் செய்கிறவனுக்கு மனந்திரும்ப வாய்ப்பே கொடுக்கப்படாது என்று சொல்லுகிறது. ஒருவன் பிறனுக்கு இழைத்த குற்றத்தை, அந்தப் பிறனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவிர்த்தி நாள்கூட நீக்காது என்றும் அதில் இருக்கிறது. மனந்திரும்புதலை இவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டவர்களுக்கும் இயேசுவுக்கும் என்ன தகராறு? எது முதலில் நடக்க வேண்டும் என்பதுதான் தகராறு என்று நான் கருதுகிறேன். பாவத்தை விட்டு விலகி, செய்த தீங்கைச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு ஒருவன் பந்தியில் வந்து உட்காரட்டும் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்த ஒழுங்கு. இயேசுவோ முதலில் பந்தியில் உட்கார்ந்துவிடுகிறார்.

அந்த ஒழுங்கு மாறியதற்கு விடையாகவே இரண்டு உவமைகளும் வருகின்றன. நூறு ஆட்டில் ஒன்றைத் தவறவிட்ட மேய்ப்பன் அது வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தேடிப் போய், கண்டுபிடித்து, தோளின்மேல் போட்டுக்கொண்டு வருகிறான். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்குகிறாள். அந்தக் காசு ஏறத்தாழ ஒருநாள் கூலி பெறும். கப்பர்நகூமில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடுகளின் தரை, கரிய எரிமலைக் கற்களைப் பரப்பிச் செய்த தரை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சந்துகள் உண்டு. சன்னல்கள் சிறியவையாதலால் பகலிலும் உள்ளே இருட்டுதான். அத்தகைய தரையில் ஒரு காசு விழுந்தால், பெருக்கும்போது அது கல்லில் உரசி எழுப்பும் ஓசையைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். இந்தப் பாட்டையெல்லாம் படுகிறவள் அவள்தான். காசு எதையும் செய்யவில்லை.

இதன் முடிவில் மனந்திரும்புதல் என்ற சொல்லை இயேசு வைப்பதால், தேடப்பட்டவர் தேடியவருடைய கையில் அகப்படுவதையே அவர் மனந்திரும்புதலாகக் காட்டுகிறார் என்று கொள்ளலாம். இது முற்றிலும் புதிய போதனையும் அன்று. நீரே என்னைத் திருப்பினால் நான் திரும்புவேன் என்று இஸ்ரவேல் மக்களைக் குறிக்கும் எப்பிராயீம் மன்றாடுவதை எரேமியா 31ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மனந்திரும்புதல் நாம் செலுத்தும் விலை, மன்னிப்பு அதற்குக் கிடைக்கும் பொருள் என்ற எண்ணம் நம் பிரசங்கங்களில்கூட அடிக்கடி நுழைந்துவிடுகிறது. இந்த இரண்டு உவமைகளிலும் அந்த எண்ணத்துக்கு இடமே இல்லை.

கேள்வி: லூக்கா 15ஆம் அதிகாரத்தின் கெட்ட குமாரன் உவமையில், இளைய குமாரன் வீடு திரும்பியது உண்மையான மனந்திரும்புதலா? கையில் காசு தீர்ந்து, பசி வந்த பிறகுதானே அவனுக்குத் தகப்பன் நினைவு வருகிறது? பணம் இருந்திருந்தால் திரும்பியிருப்பானா?
— ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: திரும்பியிருக்கமாட்டான் என்றுதான் தோன்றுகிறது. அவனுடைய பசியை உவமை மறைக்கவே இல்லை. "என் தகப்பனுடைய கூலிக்காரர் எத்தனையோ பேருக்குப் பூர்த்தியான சாப்பாடு இருக்கிறது, நானோ பசியினால் சாகிறேன்" என்பதுதான் புத்தி தெளிந்தவுடன் அவன் சொல்லுகிற முதல் வாக்கியம். அதில் தகப்பனுடைய மனவேதனையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த வேதனை எவ்வளவு பெரியது என்பதைக் கதையைக் கேட்டவர்கள் நன்றாக அறிந்திருப்பார்கள். உபாகமம் 21ஆம் அதிகாரத்தின்படி மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு உண்டு. ஆகவே இரண்டே பிள்ளைகள் உள்ள வீட்டில் இளையவனுக்கு வரக்கூடியது மூன்றில் ஒரு பங்கு. அதைத் தகப்பன் உயிரோடிருக்கும்போதே பிரித்துத் தரும்படி கேட்டு, விற்றுக் காசாக்கிக்கொண்டு அவன் தூரதேசத்துக்குப் போகிறான். இயேசுவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட, கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் சீராக்கின் ஞானநூல், உயிரோடு இருக்கும்வரை மகனுக்கோ மனைவிக்கோ சகோதரனுக்கோ நண்பனுக்கோ சொத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் கையை எதிர்பார்த்து நிற்காதே, சாகும் வேளையில் பங்கிட்டுக் கொடு என்று 33ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறது. அந்த அறிவுரையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பிள்ளை கேட்டதும் பங்கிட்டுக் கொடுத்த தகப்பன் விவரம் போதாதவராகவே தோன்றியிருப்பார்.

இனி அவன் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்ட பேச்சைக் கவனியுங்கள். அதில் மூன்று பகுதிகள் உண்டு. பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன் என்பது ஒன்று. உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல என்பது இரண்டு. உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பது மூன்று. வெட்டுக்கிளிகள் எகிப்தைத் தின்று தீர்த்தபோது பார்வோன் மோசேயை அவசரமாக அழைத்து, கர்த்தருக்கும் உங்களுக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன் என்று ஏறக்குறைய இதே முதல் பகுதியைச் சொல்லியிருக்கிறான்; வெட்டுக்கிளிகள் போனதும் பழைய பார்வோனாகிவிட்டான். ஆகவே சரியான சொற்கள் வாயில் இருப்பதை வைத்து மட்டும் ஒருவருடைய மனதைத் தீர்மானிக்க இயலாது. மூன்றாவது பகுதியிலோ ஒரு கணக்கும் இருக்கிறது. உழைத்துக் கூலி வாங்கினால் யாருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மகனாகத் திரும்புவதைவிட வேலைக்காரனாகத் திரும்புவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அவன் சொன்னது முதல் இரண்டு பகுதிகள் மட்டுமே. மூன்றாவதைச் சொல்லத் தகப்பன் இடம் கொடுக்கவில்லை. உண்மையில் அவன் வாய் திறப்பதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது: "அவன் தூரத்தில் வரும்போதே, அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவனை முத்தஞ்செய்தான்." கணுக்கால் வரை தொங்கும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரார் பார்க்க ஓடுவது வயதும் நிலபுலமும் உள்ள ஒரு பெரியவருக்கு அழகாகக் கருதப்பட்டதில்லை. ஊர் அந்தப் பையனை ஏசிப் பேசுவதற்கு முன்னால் தாம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று அவர் ஓடியதாகவே நான் வாசிக்கிறேன். பிறகு உயர்ந்த வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் வருகின்றன. வெறுங்காலோடு நடப்பது அடிமைகளின் நிலை. காலில் செருப்பு ஏறியவுடன் கூலிக்காரன் என்ற யோசனை முடிந்துவிட்டது. கொழுத்த கன்று ஒரு குடும்பம் தின்று தீர்க்கக்கூடியது அன்று, இறைச்சியை வைத்திருக்க வழியும் கிடையாது. அதை அடிப்பதற்கு ஊரையே கூப்பிடுவதென்று பொருள்.

எனவே உங்கள் கேள்விக்கு நான் சொல்லும் விடை இதுதான். அவன் எழுந்து புறப்பட்டபோது அவனிடம் இருந்தது அரைகுறையான மனந்திரும்புதல். தகப்பனுடைய கைகளுக்குள் வந்தபிறகுதான் அது முழுமையடைகிறது. ஆனாலும் அந்த அரைகுறையான எழும்புதலை உவமை அற்பமாகக் கருதவில்லை. அவன் எழுந்திராமல் இருந்திருந்தால் தகப்பன் ஓடிவந்து சந்திக்க அந்தச் சாலையில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். தம்முடைய மனந்திரும்புதல் போதுமான அளவு தூய்மையானதா என்று தங்களையே சோதித்துச் சோதித்து ஆலயப் பக்கம் வராமலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பசியோடேயே வரலாம்.

கேள்வி: எனக்கு மூத்த குமாரன் பேசியதே நியாயமாகப் படுகிறது. பதினெட்டு ஆண்டுகளாகப் பெற்றோரைக் கவனித்து வருகிறேன். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு என் தம்பி திரும்பி வந்தபோது வீடே திருவிழாவானது. என் வருத்தம் பாவமா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் வருத்தம் பாவம் அன்று. மூத்தவனுடைய குறையைத் தகப்பன் மறுக்கவில்லை என்பதை முதலில் பாருங்கள். அவன் பொய் சொல்லுகிறான் என்றோ பொறாமைப்படுகிறான் என்றோ அவர் சொல்லவில்லை.

அவனுடைய குறைக்குப் பொருளியல் காரணமும் உண்டு. தகப்பன் தம் ஆஸ்தியை "அவர்களுக்கு" பங்கிட்டுக் கொடுத்தார் என்று உவமை தொடக்கத்திலேயே சொல்லுகிறது. அதாவது மூத்தவனுடைய பங்கும் அன்றைக்கே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆகவே இப்போது அடிக்கப்பட்ட கன்று, கணக்குப்படி, பின்னாளில் மூத்தவனுக்கு வர வேண்டிய கன்று. அவனைக் கேட்காமலே அடித்திருக்கிறார்கள். வயலிலிருந்து வந்தவன் கீதவாத்தியச் சத்தத்தைக் கேட்டு, ஒரு வேலைக்காரனை அழைத்து விசாரித்துத்தான் விஷயத்தை அறிந்துகொள்கிறான். அவனுக்கு ஆள் அனுப்பக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஒரு சிறு விவரத்தைப் படிக்கும்போதெல்லாம் அவன்மேல் எனக்கு இரக்கமே உண்டாகிறது.

அதற்குப் பிறகு தகப்பன் செய்வதைப் பார்க்க வேண்டும். இளையவனுக்காக ஓடியவர், மூத்தவனுக்காக விருந்தை விட்டு எழுந்து வெளியே வருகிறார். வந்து அவனை வருந்தி அழைக்கிறார். விருந்தாளிகள் உள்ளே காத்திருக்க, வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று மகனிடம் கெஞ்சுகிறார். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்ற வார்த்தை ஆறுதல் மட்டும் அன்று, ஓர் உறுதியும்கூட. இளையவனுக்கு வஸ்திரமும் மோதிரமும் கிடைத்தன. சொத்தில் இரண்டாவது பங்கு கிடைத்ததாகச் சொல்லப்படவில்லை. ஒருவரை மன்னித்து வீட்டில் சேர்த்துக்கொள்வது வேறு, மற்றவருக்குச் சேர வேண்டியதை எடுத்து அவருக்குக் கொடுப்பது வேறு. உங்கள் வீட்டில் பத்திரம், பாகம் என்று பேச்சு எழுந்தால், இந்த வசனத்தைத் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

மூத்தவனுக்கு இருந்த ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து" என்று அவன் கணக்குச் சொல்லத் தொடங்குகிறான். தம்பி எந்த நிலைக்கு விண்ணப்பிக்க நினைத்து வந்தானோ, அந்தக் கூலிக்காரன் நிலையிலேயே இவன் வீட்டுக்குள் இத்தனை வருடமாக இருந்திருக்கிறான். தம்பியை அவன் தம்பி என்று சொல்லவில்லை, "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தகப்பனோ "உன் சகோதரனாகிய இவன்" என்று மெதுவாகத் திருத்துகிறார். அவன் உள்ளே போனானா என்பதை இயேசு சொல்லவில்லை. முறுமுறுத்துக்கொண்டு எதிரே நின்றவர்கள்தான் அதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நீங்கள் இன்றைக்கே உள்ளே போக வேண்டும் என்று நான் அவசரப்படுத்தமாட்டேன். ஆனால் முற்றத்தில் உங்களோடு நிற்கிறவர் யார் என்பதைப் பாருங்கள்.

கேள்வி: மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ராஜா முதலில் ஊழியக்காரனின் கடனை மன்னித்துவிட்டு, அவன் தன் உடன் ஊழியக்காரனுடைய சிறு கடனை மன்னியாததால் பிறகு அதை ரத்து செய்து அவனைத் தண்டிக்கிறான். கடவுள் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா?
— ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: முதலில் கடனின் அளவைப் பார்ப்போம். ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிப்பணத்துக்குச் சமம். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. அவன் பட்டிருந்த பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாட்கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தாலும் அடைத்து முடிக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். கலிலேயாவையும் பெரேயாவையும் ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு அந்நாடுகளிலிருந்து கிடைத்த வருமானம் ஆண்டுக்கு 200 தாலந்து என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கில் இது ஐம்பது ஆண்டு அரசு வருமானம். அவனிடம் உடன் ஊழியக்காரன் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணமோ ஏறத்தாழ நான்கு மாதக் கூலி. அது ஏழைக்கு அற்பத் தொகை அன்று; நமக்குப் பிறர் செய்த தீங்கு ஒன்றுமில்லாதது என்று இயேசு சொல்லவில்லை. ஆனால் முதல் கடன் அதைப்போல ஆறு லட்சம் மடங்கு.

இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள்: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்." இரண்டாமவன் சொன்னது நடக்கக்கூடியது, முதலாமவன் சொன்னது எந்தக் காலத்திலும் நடவாதது. அவன் கேட்டது தவணை, ராஜா கொடுத்ததோ முழு விடுதலை. வெளியே வந்தவுடனே நூறு வெள்ளிப்பணத்துக்காக ஒருவன் தொண்டையை நெரிக்கிறவனைப் பார்த்தால், தான் விடுதலையானதை அவன் நம்பவே இல்லை என்று தோன்றுகிறது. தவணை கிடைத்ததாகவே எண்ணிக்கொண்டு, கடனை அடைக்க வசூலில் இறங்கிவிட்டான்.

மன்னிக்கப்பட்ட பாவம் திரும்ப வருமா என்று இடைக்கால இறையியலாளர் இந்த உவமையை வைத்தே விவாதித்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ், பழைய பாவம் பழைய பாவமாகவே திரும்பி வருவதில்லை, பெற்ற மன்னிப்புக்குக் காட்டும் நன்றிகேடு பின்வரும் பாவத்தை மேலும் கடுமையாக்குகிறது என்று விளக்கினார். எனக்கு அது பொருத்தமாகவே தெரிகிறது. ஆயினும் உவமையின் கடுமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முடிவில் "நீங்களும் அவனவன் தன்தன் சகோதரன் செய்த தப்பிதங்களை மனப்பூர்வமாய் மன்னியாமற்போனால்" என்று இயேசு நேராகவே எச்சரிக்கிறார். பரமண்டல ஜெபத்தில் நாள்தோறும் நாம் சொல்லுவதும் அதுவே. மன்னிப்பைப் பெறும் கையும் கொடுக்கும் கையும் ஒன்றே; ஒன்றை மூடிக்கொண்டு மற்றொன்றைத் திறந்து வைத்திருக்க இயலாது.

கேள்வி: என் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். காலையில் அழுது மன்னிப்புக் கேட்கிறார். "ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே, பொறுத்துப் போ" என்கிறார்கள் சபையில் உள்ள மூத்தவர்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்

பதில்: அம்மா, உங்களுக்கு அப்படிச் சொன்னவர்கள் வேதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஏழெழுபது என்ற வசனத்துக்குச் சற்று முன்னால், அதே மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், குற்றம் செய்தவனைத் தனியாகக் கண்டு அவன் குற்றத்தை உணர்த்த வேண்டும், கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்கும் இணங்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று இயேசு முறையாகச் சொல்லியிருக்கிறார். லூக்கா 17ஆம் அதிகாரத்தில், "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்று வருகிறது. அழுவது மனஸ்தாபம் ஆகிவிடாது. குடியை நிறுத்த வைத்தியத்துக்குப் போவதும் கையை ஓங்காதிருப்பதும்தான் மனஸ்தாபம்.

கடன்பட்ட ஊழியக்காரன் உவமையிலேயே நமக்கு அதிகம் பிரசங்கிக்கப்படாத ஒரு பகுதி உண்டு. தொண்டை நெரிக்கப்பட்டவனைக் கண்ட உடன் ஊழியக்காரர்கள் மிகவும் துக்கப்பட்டு, போய், நடந்ததையெல்லாம் ஆண்டவனுக்கு அறிவித்தார்கள். பொறுத்துப் போ என்று அவனிடம் அவர்கள் சொல்லவில்லை. உங்கள் சபை மூத்தவர்கள் செய்ய வேண்டியதும் அதுதான். நீங்கள் மனதில் மன்னித்த நிலையிலேயே பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. இவற்றில் எதுவும் மன்னியாமை ஆகாது.

கேள்வி: ஞானஸ்நானம் பெற்றபின் தெரிந்தே பெரிய பாவத்தில் விழுந்தவருக்கு இந்த உவமைகள் பொருந்துமா? இவை இரட்சிக்கப்படாதவர்களுக்கு மட்டும் சொல்லப்பட்டவை என்று ஒரு போதகர் பேசக் கேட்டேன்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்தப் போதகருடைய கருத்து மிகப் பழையது. வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ஒரு நூலில், விழுந்துபோன கிறிஸ்தவருக்கு ஆறுதலாக ஆட்டையும் காசையும் குமாரனையும் எடுத்துக்காட்டினார். இவரைப் போல் தகப்பன் வேறொருவர் இல்லை என்று உருகியும் எழுதினார். பின்னாளில் மொந்தானியர் என்ற கடுமையான இயக்கத்தைச் சார்ந்தபோது, அந்த உவமைகள் புறஜாதியாருக்கே உரியவை, கிறிஸ்தவருக்கு அல்ல என்று நேரெதிராக வாதாடினார். நற்கருணைப் பாத்திரங்களின்மேல் ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பன் தீட்டப்பட்டிருந்ததுகூட அவருக்குப் பொறுக்கவில்லை.

கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேக்கியு எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, உயிருக்கு அஞ்சிப் பலர் பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிட்டதாகச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். துன்பம் ஓய்ந்தபின் அவர்கள் ஆலய வாசலில் வந்து நின்றார்கள். ரோமில் நோவாசியன் என்ற குரு அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், தவத்துக்குப் பின் சேர்த்துக்கொள்ளும் வழியை ஆயர்கள் கூடிய சங்கத்தின் மூலம் ஏற்படுத்தினார். திருச்சபை சிப்ரியானோடு நின்றது. 325இல் கூடிய நிசேயா சங்கம், நோவாசியன் வழிவந்தவர்கள் திரும்பிவர விரும்பினால், துன்பக்காலத்தில் தவறியவர்களோடும் ஐக்கியம் கொள்வதாக எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தன் எட்டாம் விதியில் கேட்டுக்கொண்டது. இளையவன் அந்நியன் அல்லன், வீட்டிலிருந்து போன மகன் என்ற ஒன்றே உங்களுக்கு விடையாகப் போதும்.

கேள்வி: என் மகனுக்கு வந்த நோய் நான் முன்பு செய்த பாவத்துக்குத் தண்டனை என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அதை நம்பாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசுவே லூக்கா 13ஆம் அதிகாரத்தில் பதில் சொல்லியிருக்கிறார். உடனே எல்லாரையும் மனந்திரும்ப அழைத்து, கனி கொடாத அத்திமரத்தின் உவமையைச் சொல்லுகிறார். மூன்று வருடம் காத்திருந்து வெட்டச் சொன்னவனிடம், இந்த வருஷமும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று தோட்டக்காரன் மன்றாடுகிறான். உங்கள் உறவினர்கள் கோடாரியைப் பற்றிப் பேசுகிறார்கள். இயேசுவோ எருவைப் பற்றிப் பேசுகிறார். உங்கள் மகனுக்கு நல்ல சிகிச்சை கிடைக்க வேண்டுகிறேன்.

கேள்வி: அரசு வேலையில் இருந்தபோது பலரிடம் லஞ்சம் வாங்கினேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். தேவாலயத்தில் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன் எதையும் திருப்பிக் கொடுத்ததாக இல்லை, ஆனாலும் நீதிமானாக்கப்பட்டான். நான் கடவுளிடம் அறிக்கையிட்டால் போதுமா?
— பெயரும் ஊரும் எழுதாத வாசகர்

பதில்: அந்த ஆயக்காரன் தேவாலயத்தில் தூரத்திலே நின்று, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று சொன்ன ஒரே வாக்கியத்தோடு நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனான் என்பது உண்மை. உங்களுக்கும் அந்த வாக்கியம் போதும். ஆனால் வீட்டுக்குப் போனபின் அவன் என்ன செய்தான் என்பதை அந்த உவமை சொல்லவில்லை. அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே லூக்கா எரிகோவில் இருந்த ஆயக்காரருக்குத் தலைவனான சகேயுவைக் காட்டுகிறார். ஆயக்காரர் அரசுக்குச் செலுத்த வேண்டியதற்கு மேல் வசூலிப்பதையே ஆதாயமாகக் கொண்டவர்கள். உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் வாங்காதிருங்கள் என்று யோவான் ஸ்நானன் அவர்களிடம் சொன்னது அதனால்தான். சகேயுவிடம் இயேசு எந்தக் கணக்கும் கேட்கவில்லை, உன் வீட்டில் தங்க வேண்டும் என்றுதான் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பிறகு சகேயு தானாக எழுந்து நின்று ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாயும் கொடுப்பதாகச் சொன்னான். தானே முன்வந்து அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்பது நியாயப்பிரமாணம். ஆட்டைத் திருடி அடித்தோ விற்றோ விட்டவனுக்குரிய நான்கு மடங்கை அவன் தனக்கு விதித்துக்கொண்டான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நினைவில் உள்ள பெயர்களையும் தொகைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். உயிரோடிருப்பவர்களிடம், குறிப்பாக அந்தப் பணத்துக்காகக் கடன் வாங்கியிருக்கக்கூடிய ஏழைகளிடம், நேரில் போய்க் கொடுங்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதனால் சட்டப்படி வரக்கூடியதை முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். இறந்துபோனவர்களுடைய பிள்ளைகளைத் தேடுங்கள். தீங்கிழைக்கப்பட்டவனுக்கு இனத்தான் ஒருவனும் இல்லாவிட்டால் அந்தத் தொகை கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரட்டும் என்று எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் சொல்லுகிறது. யாரென்றே நினைவில்லாதவர்களுக்கு உரியதை நீங்கள் ஏழைகளுக்குக் கொடுக்கலாம், உங்கள் பெயர் எங்கும் வராதபடி பார்த்துக்கொண்டு. ஒரே நாளில் முடியாது. ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் கொடுத்து வந்தாலும் சரி. மன்னிப்புக் கிடைக்குமோ என்ற பயத்தில் இதைத் தொடங்க வேண்டாம். சகேயு எழுந்து நின்றபோது இயேசு ஏற்கெனவே அவனுடைய வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்.